எழுத்தைச் சும்மா தரலாம், உரிமையைத் தரலாமா?

வாசகர் கேள்வி பதில்

இணைய ஊடகங்களுக்குச் சன்மானம் வாங்காமல் எழுதுவது பற்றி டர்பன் பக்கமிருந்தும் ஜோகன்னஸ்பர்க் பக்கமிருந்தும் வந்த கடிதங்களுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம். சொல்லியிருப்பது தென்னாப்பிரிக்கச் சட்டம். இந்தியச் சட்டம் வரும் இடத்தில் தனியே குறித்திருக்கிறோம்.

கேள்வி: எங்கள் வட்டாரச் செய்திகளைப் போடும் ஓர் இணையதளம் காவடி, தீமிதி, கும்பாபிஷேகம், முதியோர் சங்க நிகழ்ச்சி என்று வாரம் இரண்டு கட்டுரை கேட்கிறது. "சன்மானம் கிடையாது, பெயர் போடுவோம், நாலு பேருக்கு உங்களைத் தெரியவரும்" என்கிறார்கள். ஒப்புக்கொள்ளலாமா?
— வாசகி, சாட்ஸ்வர்த்

பதில்: சம்மதம் சொல்வதற்கு முன் அவர்களிடம் ஒன்றைக் கேளுங்கள், அம்மா. அந்தத் தளத்தில் யார் யாருக்குப் பணம் போகிறது? தளத்தை வடிவமைத்தவர், சர்வர் வாடகை வாங்குபவர், விளம்பரம் பிடித்துத் தருபவர், ஆசிரியர் என்று எல்லாருக்கும் ஒரு தொகை போய்ச் சேர, எழுதுகிறவர் மட்டும் சேவை செய்ய வேண்டும் என்றால் அதைச் சேவை என்று சொல்லக்கூடாது. நகைக்கடை விளம்பரத்தையும் கேட்டரிங் விளம்பரத்தையும் பார்க்க ஆளைக் கூட்டிவருவது உங்கள் கட்டுரைதான். அதுவே ஒரு கோயில் சங்கமோ தமிழ்ப் பள்ளியோ விளம்பரமில்லாமல் நடத்தும் தளமாக இருந்து, ஆசிரியரும் சம்பளம் வாங்கவில்லை என்றால் தயங்காமல் எழுதுங்கள். சமூகத்துக்காக எழுதும் வழக்கம் நம்மிடம் பழையது. 1903-இல் டர்பனில் தொடங்கிய 'இந்தியன் ஒப்பீனியன்' பத்திரிகையில் தமிழ்ப் பகுதி இருந்தது. 1904-இல் காந்தி அச்சகத்தை ஃபீனிக்ஸ் பண்ணைக்கு மாற்றியபோது, அங்கே வேலை செய்பவர்களுக்கு மாதம் 3 பவுண்டு என்று வைத்தார். இலட்சியத்துக்காக நடந்த பத்திரிகையிலும் உழைப்பவரின் சாப்பாட்டுக்கு ஒரு கணக்கு இருந்தது.

இரண்டுக்கும் நடுவில் ஒரு வகை உண்டு. 2015 முதல் ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து வரும் 'தி கான்வர்சேஷன் ஆப்பிரிக்கா' தனக்கு எழுதும் ஆய்வாளர்களுக்குச் சன்மானம் தருவதில்லை. அவர்களுக்குப் பல்கலைக்கழகம் மாதச் சம்பளம் தருகிறது. கட்டுரைகளும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வெளியாவதால் எந்தப் பத்திரிகையும் மாற்றாமல் எடுத்துப் போடலாம். வேறு சம்பளம் உள்ளவருக்கு அது நியாயமான ஏற்பாடு. இல்லாதவருக்கு அதையே எடுத்துக்காட்டாகச் சொல்லி எழுத வைப்பது நியாயமில்லை.

'பெயர் தெரியவரும்' என்ற பேச்சை நம்பி எழுதியவர்களுக்கு என்ன நடந்தது என்பதற்கு அமெரிக்காவில் ஒரு வழக்கு இருக்கிறது. 2005-இல் தொடங்கிய 'ஹஃபிங்டன் போஸ்ட்' தளத்தில் ஆயிரக்கணக்கானோர் சன்மானமில்லாமல் எழுதினார்கள். 2011-இல் ஏஓஎல் நிறுவனம் அதை 31.5 கோடி டாலருக்கு வாங்கியது. எங்கள் எழுத்தால் வளர்ந்த தளம், எங்களுக்கும் பங்கு வேண்டும் என்று எழுதியவர்கள் சார்பில் வழக்குப் போட்டார்கள். 2012-இல் நியூயார்க் நீதிமன்றம் அதைத் தள்ளுபடி செய்தது. பணம் கிடையாது என்று தெரிந்தே எழுதினீர்கள், தளம் விலைபோன பிறகு பேச்சை மாற்ற முடியாது என்பது தீர்ப்பின் சாரம். மேல்முறையீட்டிலும் அதுவே நின்றது. ஆகையால் பேச வேண்டியதை முதல் கட்டுரைக்கு முன்பே பேசிவிட வேண்டும்.

அந்தத் தளத்தின் தென்னாப்பிரிக்கப் பதிப்பில் 2017 ஏப்ரலில் இன்னொன்று நடந்தது. இல்லாத ஒரு பெண்ணின் பெயரில் வந்த பதிவை, எழுதியது யார் என்று பார்க்காமலே வெளியிட்டார்கள். பெரும் சர்ச்சையாகி ஆசிரியர் பதவி விலக நேர்ந்தது. சும்மா வரும் எழுத்தைச் சரிபார்க்க ஆளும் நேரமும் ஒதுக்காவிட்டால் வாசகரும் ஏமாறுகிறார், அதே பக்கத்தில் உண்மையாக எழுதுகிறவரின் பெயரும் கெடுகிறது. 2018 ஜனவரியில் அமெரிக்கத் தாய்த்தளமே சன்மானமில்லாப் பதிவர் முறையை மூடிவிட்டது.

இனி உங்கள் கணக்கு. 800 சொல்லில் ஒரு கோயில் விழாக் கட்டுரை என்றால் போய்வர 1 மணி நேரம், விழாவில் 3, அர்ச்சகரிடமும் நிர்வாகியிடமும் பேச 1, பதிவைக் கேட்டு எழுதியெடுக்க 2, எழுத 3, பெயர் தேதி சரிபார்க்க 1, படம் தேர்ந்தெடுத்து அனுப்ப 1. ஆக 12 மணி நேரம். 2025 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த தேசியக் குறைந்தபட்ச ஊதியம் மணிக்கு 28.79 ராண்ட். ஆண்டுதோறும் மார்ச்சில் இது உயரும். அந்த அடிமட்டக் கூலியிலேயே ஒரு கட்டுரைக்கு 345.48 ராண்ட் வருகிறது. வாரம் இரண்டு வீதம் நான்கு வாரத்துக்கு 2,763.84 ராண்ட். பெட்ரோலும் டேட்டாவும் இதில் சேரவில்லை. மாதாமாதம் இவ்வளவு நன்கொடை இந்தத் தளத்துக்குத் தர உங்களுக்கு மனமும் வசதியும் உண்டா என்று பாருங்கள்.

உண்டு என்றால் தாராளமாக எழுதுங்கள். ஆனால் வாரம் இரண்டு வேண்டாம், மாதம் இரண்டு போதும். மூன்று மாதம் எழுதிவிட்டு மறுபடி பேசுவோம் என்று சொல்லுங்கள். முதல் கட்டுரையோடு இந்த மாதிரி ஒரு மின்னஞ்சல் போகட்டும்: "இக்கட்டுரையைச் சன்மானமின்றி உங்கள் இணையதளத்தில் மட்டும் வெளியிட அனுமதிக்கிறேன். பதிப்புரிமை என்னுடையது. என் பெயருடன் வெளியிட வேண்டும். பொருள் மாறும்படியான திருத்தத்தை வெளியிடும் முன் எனக்குக் காட்ட வேண்டும். அச்சு, நூல், ஒலி, காணொளி, மொழிபெயர்ப்பு, பிற தளங்களுக்குத் தருதல், கணினி மொழி மாதிரிகளுக்குப் பயிற்சித் தரவாகத் தருதல் ஆகியவற்றுக்குத் தனியாக என் எழுத்துபூர்வ அனுமதி வேண்டும்." அவர்கள் "சரி" என்று ஒரு சொல் பதில் போட்டால் போதும். இதற்கே முகம் சுளிக்கிறவர்களுக்கு எழுத வேண்டாம்.

கேள்வி: நான்கு வருடம் ஒரு தளத்துக்குச் சன்மானம் வாங்காமல் எழுதினேன். எதிலும் கையெழுத்துப் போட்டதில்லை. இப்போது என் குடும்ப வரலாற்றுக் கட்டுரைகளையும் சமையல் குறிப்புகளையும் சேர்த்து அவர்களே புத்தகமாக்கி விற்கிறார்கள். கேட்டால், "எங்கள் தளத்தில் வந்ததெல்லாம் எங்களுடையது, தளத்தின் அடியிலேயே போட்டிருக்கிறோமே" என்கிறார்கள்.
— வாசகர், பீட்டர்மரிட்ஸ்பர்க்

பதில்: அவர்கள் சொல்வது தவறு. 1978-ஆம் ஆண்டின் 98-ஆம் எண் பதிப்புரிமைச் சட்டத்தின் 21-ஆம் பிரிவுப்படி எழுதியவரே முதல் உரிமையாளர். எங்கும் பதிவு செய்ய வேண்டியதில்லை, எழுதி வைத்தவுடனே உரிமை பிறந்துவிடுகிறது. நீங்கள் இறந்து 50 ஆண்டு வரை அது நிற்கும். இன்னொன்றையும் கவனியுங்கள். சம்பளத்துக்குப் பத்திரிகையில் வேலை செய்கிறவர் எழுதியதில்கூட, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், பத்திரிகையில் வெளியிடும் உரிமைதான் முதலாளிக்குப் போகிறது. மற்ற உரிமை எல்லாம் எழுதியவரிடமே இருக்கிறது. சம்பளமே வாங்காத உங்களிடமிருந்து புத்தக உரிமை எப்படிப் போகும்?

உரிமையை முழுதாக மாற்றிக் கொடுப்பதும், ஒருவருக்கு மட்டுமே தனியுரிமம் கொடுப்பதும் எழுத்தில் இருந்து, கொடுப்பவர் கையெழுத்திட்டிருந்தால்தான் செல்லும். இது அதே சட்டத்தின் 22(3). தளத்தின் அடியில் 'அனைத்து உரிமைகளும் எங்களுக்கே' என்று அவர்கள் எழுதிக்கொள்வது உங்கள் கையெழுத்தாகாது. படைப்பை அனுப்பும்போது ஒரு பெட்டியில் டிக் அடித்திருந்தாலும் நிலைமை அதிகம் மாறாது. 2002-ஆம் ஆண்டு மின்னணுத் தொடர்பு, பரிவர்த்தனைச் சட்டத்தின் 13-ஆம் பிரிவு, ஒரு சட்டம் கையெழுத்துக் கேட்கும் இடத்தில் அங்கீகாரம் பெற்ற உயர்நிலை மின்னணுக் கையெழுத்து வேண்டும் என்கிறது. டிக் அடிப்பது அந்த வகை அல்ல.

ஆனால் இங்கே பலர் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. தனியுரிமம் அல்லாத சாதாரண அனுமதிக்குக் கையெழுத்து வேண்டியதில்லை. வாய்வார்த்தையாலும் நடந்துகொண்ட விதத்தாலும்கூட அது உண்டாகிவிடும். நீங்கள் கட்டுரையை அனுப்பினீர்கள், அவர்கள் போட்டார்கள், நீங்கள் மகிழ்ந்தீர்கள் என்றால் தளத்தில் வெளியிட அனுமதி உண்டு. புத்தகம் போட அனுமதி தந்ததாக ஆகாது. அந்த டிக் பெட்டிக்குப் பின்னால் இருந்த விதிமுறையில் 'எந்த வடிவிலும் வெளியிட அனுமதிக்கிறேன்' என்ற வரி இருந்திருந்தால் மட்டும் அவர்களுக்குப் பேச இடம் கிடைக்கும். அந்த விதிமுறைப் பக்கம் நீங்கள் எழுதிய காலத்தில் எப்படி இருந்தது என்பதை பழைய இணையப் பக்கங்களைச் சேமித்து வைக்கும் இன்டர்நெட் ஆர்க்கைவின் வேபேக் மெஷினில் தேதி போட்டுப் பாருங்கள். பின்னால் சேர்த்த வரி பழைய கட்டுரைகளைக் கட்டாது.

சமையல் குறிப்பில் ஒரு எச்சரிக்கை. இன்ன சாமான் இவ்வளவு என்ற பட்டியலுக்குப் பாதுகாப்பு மிகக் குறைவு. அதைச் சுற்றி நீங்கள் எழுதிய விளக்கம், பாட்டியின் கைப்பக்குவத்தைச் சொன்ன பத்தி, செய்முறையைச் சொன்ன விதம் இவைதாம் உங்கள் எழுத்து. ஆகவே வழக்கைக் குடும்ப வரலாற்றுக் கட்டுரைகளின் மேல் நிறுத்துங்கள், குறிப்புகள் பின்னால் வரட்டும்.

முதலில் புத்தகத்தை ரசீதோடு ஒரு பிரதி வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு தாளில் உங்கள் கட்டுரைத் தலைப்பு, நீங்கள் அனுப்பிய மின்னஞ்சலின் தேதி, தளத்தில் வந்த தேதி, புத்தகத்தின் பக்க எண் என்று வரிசையாக எழுதுங்கள். இந்த ஒரு தாள் பத்துப் பக்கக் கோபக் கடிதத்தைவிட வேலை செய்யும். அதை இணைத்து, விற்பனையை நிறுத்த வேண்டும், இதுவரை விற்ற பிரதிகளின் கணக்கைக் காட்ட வேண்டும், நியாயமான ராயல்டி தர வேண்டும் என்று 14 நாள் கெடு வைத்து எழுதுங்கள். பதிப்புரிமைச் சட்டத்தின் 24-ஆம் பிரிவு நஷ்டஈடும் தடையாணையும் தருகிறது. நஷ்டஈட்டுக்குப் பதில் நியாயமான ராயல்டி கேட்கவும் வழி வைத்திருக்கிறது. உங்கள் பெயரை எடுத்திருந்தாலோ, உங்கள் மதிப்பைக் கெடுக்கும்படி வெட்டி ஒட்டியிருந்தாலோ 20-ஆம் பிரிவையும் சேருங்கள். அது உரிமையை விற்றவருக்கும் உண்டு. தடையாணை வரை போனால் வழக்கறிஞர் செலவு பெரிது என்பதால், முதல் கடிதத்திலேயே ஏற்கக்கூடிய ஒரு தொகையைச் சொல்லிவிடுவது நல்லது. அன்ஃபாசா என்ற கட்டுரை நூல் எழுத்தாளர் சங்கம் தன் உறுப்பினர்களுக்குப் பதிப்பு ஒப்பந்தம் பற்றி ஆலோசனை தருகிறது. சேர்ந்துகொள்ளுங்கள். மூன்று ஆண்டுக்கு மேல் சும்மா இருந்துவிட்டால் பணம் கேட்கும் உரிமை காலாவதியாகிவிடும்.

2024 அக்டோபரில் குடியரசுத் தலைவர் புதிய பதிப்புரிமைத் திருத்த மசோதாவை அரசியலமைப்பு நீதிமன்றத்தின் பார்வைக்கு அனுப்பினார். நாங்கள் மேலே சொன்னது முழுவதும் 1978 சட்டம்.

கேள்வி: கட்டுரையோடு நான் எடுத்த படங்கள் யாருக்குச் சொந்தம்?
— வாசகர், டோங்காட்

பதில்: ஒருவர் கேட்டுக்கொண்டு, பணமோ பணமதிப்புள்ளதோ தந்து, அல்லது தருவதாகச் சொல்லி எடுக்கச் சொன்ன படம், வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், எடுக்கச் சொன்னவருக்குச் சொந்தம். சன்மானம் இல்லாமல் எடுத்திருந்தால் உங்களுக்கே சொந்தம். முழு அளவுக் கோப்பை அனுப்ப வேண்டாம். நீளப் பக்கம் 1,200 பிக்சல் இணையத்துக்குப் போதும், அச்சில் பெரிதாகப் போட அது உதவாது.

கேள்வி: பட்டம் முடித்து ஒரு செய்தித் தளத்தில் 'இன்டர்ன்' ஆகச் சேர்ந்தேன். காலை 9 முதல் மாலை 5 வரை, திங்கள் முதல் வெள்ளி, தினம் எட்டுச் செய்தி போட வேண்டும். ஆறு மாதம் சம்பளமில்லை. டாக்ஸி காசு மட்டும் தருகிறார்கள். "நீ வாலன்டியர்" என்கிறார்கள்.
— வாசகி, ஃபீனிக்ஸ், டர்பன்

பதில்: பெயர் எதுவாக இருந்தாலும் வேலை நடந்த விதத்தைத்தான் சட்டம் பார்க்கும். 1997-ஆம் ஆண்டு அடிப்படை வேலை நிபந்தனைச் சட்டத்தின் 83ஏ பிரிவு ஏழு அடையாளங்களைச் சொல்கிறது. வேலை செய்யும் முறை அவர்கள் கட்டுப்பாட்டில் இருப்பது, நேரம் அவர்கள் கட்டுப்பாட்டில் இருப்பது, அந்த நிறுவனத்தின் அங்கமாக இயங்குவது, கடைசி மூன்று மாதத்தில் மாதம் சராசரி 40 மணியாவது வேலை செய்திருப்பது, பிழைப்புக்கு அவர்களை நம்பியிருப்பது, கருவிகளை அவர்கள் தருவது, அவர்களுக்கு மட்டுமே வேலை செய்வது. இவற்றில் ஒன்று இருந்தாலே, அவர்கள் இல்லை என்று நிரூபிக்கும் வரை, நீங்கள் ஊழியர் என்று கொள்ளப்படும். உங்களுக்குக் குறைந்தது நான்கு இருக்கிறது.

அவர்கள் பிடித்துக்கொள்ளப் போகும் கிளை எது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். 2018-ஆம் ஆண்டு தேசியக் குறைந்தபட்ச ஊதியச் சட்டம், ஊதியம் பெறாத, அல்லது பெற உரிமை இல்லாத தொண்டர்களுக்குப் பொருந்தாது. நீங்கள் உண்மையில் தொண்டரா என்பதில்தான் வழக்கு நிற்கும். விளம்பரத்தில் சம்பாதிக்கும் நிறுவனம் நேரம் வைத்து, இலக்கு வைத்து, வராத நாளுக்கு விளக்கம் கேட்டிருந்தால் அதைத் தொண்டு என்று நிறுவுவது எளிதல்ல. குறைந்தபட்ச ஊதியத்தை விட்டுக்கொடுக்கிறேன் என்று நீங்களே எழுதிக் கொடுத்திருந்தாலும் அது செல்லாது. டாக்ஸி காசும் கூலிக் கணக்கில் சேராது, போக்குவரத்துப் படியைச் சட்டம் விலக்கி வைத்திருக்கிறது. 2025 மார்ச் வீதமான 28.79 ராண்டில் 8 மணி நேரத்துக்கு நாளொன்றுக்கு 230.32 ராண்ட் ஆகிறது, மாதம் 22 நாளுக்கு 5,067.04 ராண்ட்.

வேலையில் இருக்கும்போதே சான்றுகளைச் சேர்த்துவிடுங்கள். வெளியே வந்தபின் அலுவலக மின்னஞ்சலும் வாட்ஸாப் குழுவும் கைக்குக் கிடைக்காது. நேர அட்டவணை, "இன்று ஏன் ஆறு செய்திதான்?" மாதிரியான செய்திகள், உங்கள் பெயரில் வந்த செய்திகளின் பட்டியல், டாக்ஸி காசு வந்த வங்கிப் பதிவு எல்லாவற்றையும் ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வையுங்கள். பிறகு தொழில் தகராறுகளைச் சமரசம் செய்துவைக்கும் சிசிஎம்ஏ அமைப்பில் ஊதிய நிலுவை கேட்டு மனுக் கொடுங்கள். கட்டணம் இல்லை, டர்பனிலேயே அலுவலகம் உண்டு. குறைத்துக் கொடுத்த தொகையின் இருமடங்கு அல்லது மாத ஊதியத்தின் இருமடங்கு, இதில் எது அதிகமோ அது அபராதமாக விழலாம் என்பதை முதலாளிக்கு எழுதும் கடிதத்தில் ஒரு வரி சேருங்கள். கேள்வி கேட்டதற்காக வேலையை விட்டு நிறுத்தினால் அதற்கான மனுவுக்கு 30 நாள்தான் அவகாசம். அந்தத் தேதியைத் தவறவிடாதீர்கள்.

கேள்வி: கணவர் வேலை விசாவில் இருக்கிறார், நான் அவருடன் வந்திருக்கிறேன். கோயம்புத்தூரில் பத்திரிகையாளராக இருந்தேன். இங்குள்ள ஒரு தளம் சம்பளமில்லாமல் எழுதச் சொல்கிறது. பணம் வாங்காததால் விசாவுக்குச் சிக்கல் வராது என்கிறார்கள். உண்மையா?
— வாசகி, மிட்ராண்ட்

பதில்: உண்மையில்லை. 2002-ஆம் ஆண்டு குடியேற்றச் சட்டம் 'வேலை' என்பதை விளக்கும்போது, வேலையில் இருப்பதும், வேலைக்கு ஒத்த செயல்களைச் செய்வதும், ஒருவரின் தொழிலுக்கு ஒத்த செயல்களைச் செய்வதும் ஊதியம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் வேலையே என்கிறது. உங்கள் தொழிலே பத்திரிகை என்பதால் இது உங்களை நேராகத் தொடுகிறது. துணைவராக வந்தவரின் விசா தாளில் வேலை செய்யக்கூடாது என்ற நிபந்தனை இருக்கும், எடுத்துப் படித்துப் பாருங்கள். வாரந்தோறும் செய்தி சேகரித்து, ஆசிரியர் குழுவில் பெயர் போட்டு எழுதுவது ஆபத்து. எப்போதோ ஒரு கவிதையோ கதையோ வெளியாவது வேறு விஷயம். தொடர்ந்து எழுத ஆசை இருந்தால் முதலில் குடியேற்ற வழக்கறிஞரிடம் விசாவின் வகையைக் காட்டிப் பேசுங்கள். பிரச்சினை வந்தால் நாட்டை விட்டுப் போகவேண்டி வருவது நீங்கள், அந்தத் தளத்தின் ஆசிரியர் இல்லை.

கேள்வி: சென்னையிலிருந்து நடக்கும் இணைய இதழ்களுக்குக் கதை, கட்டுரை அனுப்புகிறேன். சன்மானம் கேட்டதில்லை. போட்டிகளிலும் கலந்துகொள்கிறேன். எந்த நாட்டுச் சட்டம்?
— வாசகர், லெனேசியா

பதில்: இரண்டு நாடுகளும் பதிப்புரிமைக்கான பெர்ன் உடன்படிக்கையில் இருப்பதால் உங்கள் கதைக்கு அங்கேயும் பாதுகாப்பு உண்டு. அங்கே நடக்கும் மீறலுக்கு இந்தியாவின் 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் பேசும். அந்தச் சட்டம் எழுத்தாளருக்கு இங்கேயுள்ளதைவிட ஒரு படி கூடுதலாகவே இரங்குகிறது. அதன் 19-ஆம் பிரிவுப்படி உரிமை மாற்றம் கையெழுத்துடன் எழுத்தில் இருக்க வேண்டும். எந்தப் படைப்பு, எந்த உரிமை, எத்தனை காலம், எந்த நிலப்பரப்பு, ராயல்டி அல்லது வேறு கைமாறு என்ன என்பதெல்லாம் அதில் வர வேண்டும். காலம் சொல்லாவிட்டால் 5 ஆண்டு என்றும், இடம் சொல்லாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும் என்றும் கொள்ளப்படும். வாங்கிய உரிமையை ஓராண்டுக்குள் பயன்படுத்தாவிட்டால், வேறு விதமாக எழுதப்பட்டிருந்தால் ஒழிய, அந்த உரிமை செயலிழக்கும். ஐந்து ஆண்டு முன்பு காலம் குறிக்காமல் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த கதைகள் இருந்தால் இன்று அவற்றைத் திரும்ப எடுத்துப் பாருங்கள்.

போட்டிகளில்தான் அதிகம் இழக்கிறார்கள். பரிசு பெறும் மூன்று கதைக்கு மட்டும் உரிமை கேட்பது ஒன்று. 'வந்த அனைத்துப் படைப்புகளும் அமைப்பாளருக்கே சொந்தம்' என்பது வேறொன்று. இரண்டாவது வகையில், தோற்ற கதையை வேறு இதழுக்கு அனுப்பும்போது உங்களுக்குத் தகராறு வரும். நல்ல கதையை அந்த மாதிரிப் போட்டிக்கு அனுப்பாதீர்கள். 'வேறெங்கும் வெளியாகாதது' என்ற உறுதிமொழிக்கு அஞ்சி ஒரு கதையை ஆண்டுக்கணக்கில் முடக்கி வைப்பவர்களும் உண்டு. அனுப்பும்போதே "90 நாளில் பதில் இல்லையென்றால் வேறு இதழுக்கு அனுப்பும் உரிமை எனக்கு உண்டு" என்று எழுதிவிடுங்கள். பணம் வந்தால் இங்குள்ள வங்கி அது எதற்காக வந்தது என்று கேட்கும், இன்வாய்ஸ் ஒன்றைத் தயாராக வைத்திருங்கள்.

கேள்வி: கட்டுரைக்கு 800 ராண்ட் தருவதாக வாட்ஸாப்பில் சொன்னார்கள். ஐந்து கட்டுரை வெளியாகி ஏழு மாதமாகிறது. "விளம்பரக் காசு வரட்டும்" என்றே சொல்கிறார்கள். ஒப்பந்தம் இல்லாமல் என்ன செய்வது?
— வாசகர், வெருலம்

பதில்: ஒப்பந்தம் இருக்கிறது. அந்த வாட்ஸாப் செய்திதான் ஒப்பந்தம். மின்னணுச் செய்தி என்பதற்காக ஓர் உடன்பாடு செல்லாமல் போகாது. விளம்பரக் காசு வந்தால்தான் தருவோம் என்று முன்பே சொல்லியிருந்தால் ஒழிய, அவர்கள் விளம்பரக் கணக்கு உங்கள் பொறுப்பு அல்ல.

உரையாடலைத் தேதியோடு ஏற்றுமதி செய்து, மின்னஞ்சலில் உங்களுக்கே அனுப்பி வையுங்கள். ஐந்து கட்டுரைகளின் இணைப்பும் வெளியான தேதியும் போட்டு 4,000 ராண்டுக்கு ஒரே இன்வாய்ஸ் அனுப்புங்கள். பலர் இன்வாய்ஸே அனுப்பாமல் காசு வரவில்லை என்று வருந்துகிறார்கள். பணம் வராவிட்டால் 14 நாள் கெடு வைத்த கோரிக்கைக் கடிதத்தை நேரில் கொடுத்துக் கையொப்பம் வாங்குங்கள், அல்லது பதிவுத் தபாலில் அனுப்பி ரசீதை வையுங்கள். கெடு முடிந்ததும் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் உள்ள சிறு வழக்கு நீதிமன்றக் குமாஸ்தாவிடம் போங்கள். எந்த ஊர் நீதிமன்றம் என்பதில் தவறக்கூடாது. எதிர்த்தரப்பு வசிக்கும் அல்லது தொழில் நடத்தும் பகுதியின் நீதிமன்றம்தான் பாதுகாப்பானது. அங்கே 2019 ஏப்ரல் முதல் 20,000 ராண்ட் வரை கேட்கலாம். வழக்கறிஞர் உங்களுக்காக ஆஜராக முடியாது, அவர்களுக்காகவும் முடியாது. கம்பெனியின் மீது வழக்குப் போடலாம், கம்பெனி அங்கே வழக்குப் போட முடியாது. ஆகவே உங்கள் பெயரிலேயே போடுங்கள். தளத்தின் பெயரில் சம்மன் போட்டால் செல்லாமல் போகும். அதை நடத்தும் கம்பெனியின் பதிவுப் பெயரையும் முகவரியையும் முதலில் கண்டுபிடியுங்கள். பணம் தர வேண்டிய நாளிலிருந்து மூன்று ஆண்டுக்குள் சம்மன் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். வட்டியும் கேட்கலாம்.

கேள்வி: சன்மானத்துக்குப் பதில் உணவகக் கூப்பனும் இசைக் கச்சேரி டிக்கெட்டும் தருகிறார்கள். வரி உண்டா?
— வாசகி, மெர்பாங்க்

பதில்: உண்டு. பணமாகவோ வேறு வடிவிலோ வந்தது வருமானமே. அதன் விலையை எழுதி வையுங்கள். 2025/26 வரி ஆண்டில் 65 வயதுக்குக் கீழ் உள்ளவருக்கு 95,750 ராண்ட் வரை வருமான வரி இருக்கவில்லை. வேறு சம்பளம் இருந்தால் இரண்டையும் கூட்டித்தான் பார்க்க வேண்டும்.

கேள்வி: சும்மா எழுதும் எனக்கு ஒரு தளம் ஆறு பக்க ஒப்பந்தம் அனுப்பியிருக்கிறது. அதில் 'வழக்கு வந்தால் எழுதியவரே முழு நஷ்டஈட்டையும் ஏற்பார்' என்று இருக்கிறது. வழக்கமான வரி, கையெழுத்துப் போடுங்கள் என்கிறார்கள்.
— வாசகர், ஐசிப்பிங்கோ

பதில்: அப்படியே போடாதீர்கள். காசு வாங்கவில்லை என்பது அவதூறு வழக்கில் தற்காப்பு ஆகாது. எழுதியவர், ஆசிரியர், வெளியிட்டவர் மூவர் மேலும் வழக்குப் போடலாம். 1998-இல் பொகோஷி வழக்கில் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம், தகவல் பொய்யாக அமைந்துவிட்டாலும் வெளியிட்டது நியாயமான முறையில்தான் என்று ஊடகம் காட்டினால் தப்பலாம் என்ற வழியைத் திறந்தது. அந்த நியாயம் சரிபார்ப்பதில் இருக்கிறது. எதிர்த்தரப்பிடம் கருத்துக் கேட்டீர்களா, ஆவணம் பார்த்தீர்களா, எத்தனை பேரிடம் உறுதி செய்தீர்கள் என்று கேட்பார்கள். சரிபார்க்கும் வேலையைச் செய்யாத தளம் அதன் விளைவை மட்டும் உங்கள் தலையில் கட்டப் பார்க்கிறது. கோயில் நிர்வாகத் தகராறு, சங்கத் தேர்தல், தங்கப் பரிமாற்றக் கணக்கு மாதிரி விஷயம் எழுதுகிறவருக்கு இது வீட்டையே பறிக்கக்கூடிய வரி.

மாற்றி எழுதிக் கேளுங்கள்: "எழுதியவர் தெரிந்தே பொய் எழுதியிருந்தால், அல்லது பிறர் எழுத்தைத் திருடியிருந்தால் மட்டும் பொறுப்பு. ஆசிரியர் குழு சேர்த்த, மாற்றிய வரிகளுக்கும் தலைப்புக்கும் பொறுப்பில்லை." தலைப்பை அவர்கள்தான் வைக்கிறார்கள், அவதூறு பெரும்பாலும் தலைப்பில்தான் ஏறுகிறது. நீங்கள் அனுப்பிய வடிவத்தைத் தேதியோடு பத்திரமாக வையுங்கள். அதே ஒப்பந்தத்தில் 'உலகெங்கும், என்றென்றும், இனி கண்டுபிடிக்கப்படும் எல்லா வடிவிலும்' என்ற சொற்கள் இருந்தால் அடித்துவிட்டுப் பக்கத்தில் சுருக்கக் கையொப்பம் இடுங்கள். அவர்களும் இட வேண்டும். ஊடகங்கள் மீதான புகாரை விசாரிக்கும் பிரஸ் கவுன்சிலில் தளம் உறுப்பினரா என்றும் கேளுங்கள். உறுப்பினர் என்றால் புகார் நீதிமன்றத்துக்குப் போகாமல் அங்கேயே தீர ஒரு வழி உண்டு.

கேள்வி: நான் எழுதிய தளம் ஒரு நாள் திறக்கவில்லை. அறுபது கட்டுரை போய்விட்டது. மீட்க முடியுமா?
— வாசகர், லாடியம்

பதில்: வேபேக் மெஷினில் தளத்தின் முழு முகவரியைப் போட்டு, ஆண்டு வாரியாகப் பாருங்கள். முகப்புப் பக்கம் கிடைத்தால் அதிலிருந்து உங்கள் பெயர்ப் பக்கத்துக்குப் போய், கட்டுரைகளை ஒவ்வொன்றாகத் திறந்து பிடிஎஃப் ஆகச் சேமியுங்கள். கிடைக்காதவற்றை உங்கள் அனுப்பிய மின்னஞ்சல்களில் இணைப்பு உள்ளவை என்று தேடுங்கள். பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்திருந்தால் யூனிகோடுக்கு மாற்றிக்கொள்ளுங்கள், இல்லையென்றால் நாளைக்குத் திறந்தாலும் படிக்க முடியாது. தளம் போனதால் உங்கள் உரிமை போகவில்லை. அந்தக் கட்டுரைகளை வேறெங்கும் வெளியிடலாம்.

உங்கள் கட்டுரைகள் உங்களைக் கேட்காமல் வேறொரு தளத்தில் முளைத்திருந்தால், அதன் சர்வர் யாரிடம் இருக்கிறது என்று, இணைய முகவரிகளின் பதிவு விவரம் காட்டும் ஹூயிஸ் தேடலில் பாருங்கள். தென்னாப்பிரிக்க நிறுவனமாக இருந்து, இணையச் சேவை நிறுவனங்களின் சங்கமான இஸ்பாவில் உறுப்பினராகவும் இருந்தால், மேலே சொன்ன 2002-ஆம் ஆண்டு மின்னணுச் சட்டத்தின் 77-ஆம் பிரிவுப்படி இஸ்பாவுக்கு நீக்கல் அறிவிப்பு அனுப்பலாம். உங்கள் முழுப் பெயர், முகவரி, தொலைபேசி, மின்னஞ்சல், கையெழுத்து, மீறப்பட்ட உரிமை எது, கட்டுரை இருக்கும் துல்லியமான இணைப்பு, என்ன செய்ய வேண்டும், நல்லெண்ணத்தோடு கேட்கிறேன், சொன்னது உண்மை என்ற இரண்டு உறுதிமொழிகள் எல்லாம் அதில் வேண்டும். சர்வர் அமெரிக்காவில் என்றால் அந்நாட்டின் 1998-ஆம் ஆண்டு டிஎம்சிஏ என்ற இணையப் பதிப்புரிமைச் சட்டப்படி சர்வர் நிறுவனத்துக்கே எழுதுங்கள். முகப்புப் பக்க முகவரியை மட்டும் கொடுக்காதீர்கள். கட்டுரைக்குக் கட்டுரை தனித்தனி இணைப்பு வேண்டும்.